கரி பிடித்த சுரைக்குடுவை

ஜனவரி 4, 1979, வியாழன்
பொங்கலுக்கு வீடு கழுவ ஆரம்பித்தாயிற்று. பரணில் இருந்ததையெல்லாம் மருமகள் சுலோச்சனா வாசலில் இறக்கிப் போட்டிருக்கிறாள். செங்கல்பட்டுக்காரி. "இத்தினி குப்பைய வெச்சிக்கினு எப்படி இருந்தீங்க அத்தை?" என்கிறாள். குப்பையாம். அந்த ஓட்டைத் தவலைதான் என் பிரசவத்துக்கு வெந்நீர் போட்டது. கிழிந்த முறம் — சரி, அது போகட்டும்.

ஜனவரி 8
மகன் பாண்டுரங்கன் வெள்ளை அடிக்கிறான். எனக்கு இடுப்பு வலி. நான் கேட்காமலே என் பங்குத் தரையையும் சுலோச்சனாவே மெழுகிவிட்டாள். நல்ல பெண். அவளிடம் சொல்லவில்லை.

ஜனவரி 11
பக்கத்து வீட்டு ராணியம்மாள் எட்டிப் பார்த்தாள். என் ஓரகத்தி. பாகம் பிரித்த அன்று மாமியாரின் ஆட்டுக்கல்லைத் தன் வாசலுக்கு உருட்டிக்கொண்டு போனவள். அன்று செவ்வாய்க்கிழமை. கட்டியிருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை. அதோடு எங்களுக்குள் பேச்சு அற்றது. எனக்கு எதுவும் மறக்காது.

ஜனவரி 13, போகி
விடிவதற்குள் பழசையெல்லாம் கொளுத்தியாயிற்று. குளித்துவிட்டு அடுப்பண்டை வந்து நிமிர்ந்தால் — மேலே தொங்கும் சுரைக்குடுவை இல்லை.

"கரி புடிச்சி தொங்கிக்கினு இருந்திச்சே அத்தை, பழசுன்னு நெருப்புல போட்டுட்டேன்."

அடியே, அதுக்குள்ளதானடி எங்கம்மா வூட்டு அவரை விதை கீது! புகையில் தொங்கினால் விதையைப் பூச்சி அண்டாது. ஸ்டவ் பற்றவைத்து வளர்ந்தவளுக்கு இது எங்கே தெரியும்? புள்ளலூரில் அம்மா வீட்டை அண்ணன் விற்றுத் தின்றான். எனக்கு மிஞ்சியது அந்த விதை. போன ஐப்பசி மழையில் கொடியும் அழுகிவிட்டது. இனி யாரிடம் போய்க் கேட்பேன்? என்னென்ன பேசினேன் என்று எழுத மாட்டேன். அவள் அழுதாள். நானும்.

அதே நாள், மத்தியானம்
ராணியம்மாள் வந்தாள். முந்தானைக்குள் குடுவை!

"இந்தாக்கா. நெருப்புல கெடந்திச்சி, இழுத்துப் போட்டேன்."

"அப்பவே குடுத்தா இன்னா?"

"நீ போட்ட சத்தத்துல எவ உள்ள வருவா? ஒரே அடுப்புல உன்கூட பொங்கித் தின்னவ நான். இது இன்னான்னு எனக்குத் தெரியாதா?"

குடுவை ஒரு பக்கம் கருகியிருந்தது. அவள் கையும். வெள்ளை அடித்து மிஞ்சிய சுண்ணாம்பின் தெளிந்த நீரில் தேங்காயெண்ணெய் குழைத்து நானே தடவினேன். ஆட்டுக்கல் பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

ஜனவரி 14, பொங்கல்
விதை பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சூடு கண்ட விதை முளைக்குமா? ஆடி வரை காத்திருக்க வேண்டும். சுலோச்சனா வைத்த பானையில் பொங்கல் பொங்கியது. முதல் கரண்டியை அவள் இலையில் வைத்தேன்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு
மதிலோரம் சுலோச்சனா குழி வெட்டினாள். பாதி விதையை ஊன்றினேன்.

ஆகஸ்ட் 9
ஒன்றும் காணோம்.

ஆகஸ்ட் 12
வந்துவிட்டது! எல்லாம் இல்லை, நாலு. மண்ணைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. என்னைப் பெத்தவளே! "அத்தை, அத்தை" என்று கூவிக்கொண்டு வந்து காட்டியது சுலோச்சனாதான். மதிலுக்கு அந்தப்புறம் ராணியம்மாள், "இன்னாடி, மொளைச்சிடுச்சா?" என்றாள்.

டிசம்பர் 30, ஞாயிறு
அவரை மதிலைத் தாண்டிப் படர்ந்து காய்க்கிறது. அந்தப் பக்கத்துக் காயை ராணியம்மாள் பறிக்கிறாள். வயிறாரத் தின்னட்டும். ஆட்டுக்கல் இன்னும் அவள் வாசலில்தான் கிடக்கிறது. அதை மறந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இன்று வெள்ளை அடிக்கச் சுண்ணாம்பு ஊற வைத்தோம். சுலோச்சனா முதல் வேலையாக அடுப்புக்கு மேல் இருந்த குடுவையை அவிழ்த்தாள்.

"எங்கடி எடுத்துக்கினு போற?"

"சின்னத்தை வூட்டு அடுப்பு மேல கட்டிட்டு வரேன். போகி முடியட்டும்."

பழைய கயிறு இற்றுப் போயிருந்தது. புதுக் கயிறாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன்.