எரித்த சருகு

மார்ச் 7, 1983. திங்கள். தோட்டம்.

வெயில். மேகம் பேருக்குக்கூட இல்லை. காலை ஆறுக்கு டீசல் பம்பு ஓட்டினேன். முக்கால் மணி நேரத்தில் குளம் காலி. பம்பு காற்றை உறிஞ்சிக் கத்தியது. கிழக்குச் சரிவு ஏலச்செடியில் பாதிக்குத்தான் தண்ணீர். மூன்றாம் வருடச் செடி. இந்த வருடம்தான் முதல் காய்ப்பு.

வாங்க வேண்டியவை: பம்பு பெல்ட், டீசல், வீட்டுக்காரி சரோஜாவுக்கு மூட்டுவலித் தைலம்.

காலையில் நனைத்த தூர் மூன்று மணிக்குப் பொடி மண். அள்ளினால் விரலிடுக்கில் ஓடுகிறது.

மார்ச் 8.

எழுதிவிடுவது நல்லது. வேறு யாரிடமும் சொல்ல வாய் வராது.

தைக் கடைசியில், மரமெல்லாம் இலை கொட்டி முடித்ததும், தூரைச் சுற்றிக் கிடந்த சருகு முழுவதையும் கூட்டச் சொன்னவன் நான். ஆளுக்கு ஒரு நிரை. ஹோஸில் அடிக்கிற தண்ணீரைச் சருகே குடித்துவிடுகிறது என்பது என் கண்டுபிடிப்பு. புதுப் பம்பு வாங்கிய திமிர்.

சிலமலைப் பேச்சி, பதினோரு வருடமாக எங்கள் கங்காணி, அவள் மட்டும் வாருகோலைத் தொடவில்லை.

"மொதலாளி, சருக எடுத்தா மண்ணு காஞ்சிரும். செடிக்கு அதுதான் போர்வை."

"எனக்குப் பாடம் சொல்ல வந்துட்டியா? ஜீப்புல ஏறு. நாளையிலருந்து வராத."

அத்தனை பேர் முன்னால். தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, ஊரிலிருந்து ஆள் ஏற்றி வரும் ஜீப்பில் ஏறிவிட்டாள். சருகைக் குழியில் போட்டு எரித்தோம். இரண்டு நாள் புகைந்தது.

மார்ச் 12. சனி.

பக்கத்துத் தோட்டம், வர்க்கி சேட்டனுடையது. பேச்சி இப்போது அங்கேதான் வேலை. பம்பு கிடையாது. ஒரே ஊற்று, அதுவும் நூல் மாதிரி. செடி மட்டும் பச்சை. பொறாமையாக இருந்தது, மறைப்பானேன்.

சேட்டன், தண்ணீரை வெள்ளம் என்கிற தன் மலையாளத் தமிழில்: "வெள்ளம் எனக்கும் கொறவுதான். பேச்சி சொல்றபடி செய்யுறோம்."

சருகை ஒதுக்கு, ஒரு குடம் ஊற்று, திரும்ப மூடு. வெயில் ஏறுமுன் முடி. நாலு நாளைக்கு ஒரு தடவை. இவ்வளவுதான்.

சருகுக்குள் கை விட்டேன். குளிர்ச்சி. எடுக்க மனம் வரவில்லை.

பேச்சி மேட்டில் நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். செருப்பைப் பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன். கோழை.

மார்ச் 13. ஞாயிறு. போடி வீடு.

சரோஜாவிடம் எல்லாம் சொன்னேன். "எங்கிட்டச் சொல்லி என்ன? வேற சோலி பாக்காம, வெரசாப் போயி அவகிட்டச் சொல்லுங்க."

பஸ்சில் சிலமலை. பேச்சி வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க" என்று நாற்காலி போட்டாள். அந்த மரியாதைதான் சுட்டது.

"தப்புப் பண்ணிட்டேன் பேச்சி. அத்தன பேரு முன்னால பேசுனது அதவிடத் தப்பு. வந்திரு தாயி. செடியக் காப்பாத்திக் குடு."

"சருகு எங்க கெடக்கு?"

"எரிச்சாச்சு."

"பூராவுமா?"

தலையாட்டினேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை. சரிவின் ஒவ்வொரு குழியிலும் செடி வைத்தவள் அவள்தான்; அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நான் வந்து எத வச்சு மூடுறது மொதலாளி? இனி தையிலதான் எல உதிரும். அதுவரைக்கும் செடி நின்னாச் சொல்லிவிடுங்க. வர்றேன்."

தைலம் மறந்துபோயிற்று.

ஏப்ரல் 2. சனி. தோட்டம்.

மழை இல்லை. குளம் வெறும் சேறு. பம்பைத் தார்ப்பாய் போட்டு மூடியாயிற்று.

சரிவை மேலிருந்து கீழ் வரை நடந்து பார்த்தேன். எல்லாம் பழுப்பு. தட்டையைப் பிடித்தால் கையோடு வருகிறது. மூன்று வருடம்.

ஓடையோரம், ஹோஸ் எட்டாத கடைசி நிரை. இத்தனை நாள் அந்தப் பக்கம் போகவே இல்லை. இலை வாடியிருக்கிறது, ஆனால் பச்சை. முப்பத்தெட்டுத் தூர். அடியில் முழங்கால் அளவு சருகு. தள்ளிப் பார்த்தேன். ஈரம்.

இங்கே யார் கூட்டாமல் விட்டது என்று முதலில் கோபம்தான் வந்தது. அப்புறம் நினைவு வந்தது. அன்று பேச்சிக்கு விட்ட நிரை. அவளை ஜீப்பில் ஏற்றிய அவசரத்தில், வேறு ஆள் விடவில்லை.

நாளை சிலமலை. ஆள் அனுப்பக் கூடாது, நானே போக வேண்டும். செடி நிற்கிறது என்று சொல்ல வேண்டும். யாருடையது என்றும்.