வெந்நீர்ச் சட்டி

அன்புள்ள அம்மாவுக்கு,

எவெலியோ வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி குறைந்ததா? நம்மூர் சகாப்பாவில் வெயில் எப்படி? நான் நலம். மின்னசோட்டாவில் கொஞ்சம் குளிர், அவ்வளவுதான்.

ஒரு வேடிக்கை கேளுங்கள். நான் வேலை செய்யும் பண்ணையில் கோழிக்கு வைக்கும் தண்ணீர் அரைமணியில் கல்லாகிவிடுகிறது. உடைத்து உடைத்து அலுத்துப்போய், நீங்கள் தண்ணீர் வைப்பதுபோல் ஓர் அகலச் சட்டி எடுத்து, அதில் வெந்நீர் கலந்து வைத்தேன். சேவல் ஆசையாகக் குடித்தது. அலகுக்குக் கீழே தொங்கும் சிவப்புத் தாடி நனைந்து, குளிர்காற்றில் உறைந்து விறைத்து, மறுநாள் கறுத்துவிட்டது.

"ஏன்டா, சேவலக் குளிப்பாட்டினியா? வாய் சின்ன பாத்திரம் எதுக்கு வெச்சிருக்கேன், அழகுக்கா?" என்று பண்ணைக்காரி கெர்டா கத்தினாள். பிறகு அவளே களிம்பு தடவினாள். "உதிர்றது உதிரும். இனி நம்ம கையில இல்ல."

அந்தச் சேவல் இன்னும் என்னைக் கண்டால் ஓடிவருகிறது. அதைத்தான் தாங்க முடியவில்லை.

விரல் வெடிப்புக்கு நீங்கள் காய்ச்சும் எண்ணெயின் பக்குவம் எழுதுங்கள். அடுத்த முறை அங்கே கோழிக்குத் தண்ணீர் வைக்கும்போது அதில் கையை விட்டுப் பார்த்து, எப்படி இருந்தது என்றும் எழுதுங்கள்.

கெர்டா கூப்பிடுகிறாள். தண்ணீர் மறுபடி உறைந்துவிட்டதாம்.

உங்கள் எவெலியோ