கால் விழுந்த எழுத்து

அன்புள்ள வாலு,

மூன்று வருடக் கோபத்துக்குப் பிறகு எழுதுகிறேன். உன் உடம்பும் வேலையும் சுகமாக இருக்கட்டும். இங்கே எல்லோரும் நலம். நேற்றிலிருந்து நான் கொஞ்சம் அதிகமாகவே நலம்.

நம் படகு விளையாட்டு போனில் ஓடிவிட்டது. வெளியீட்டாளர் தன் அலுவலகத்தில் இருப்பதிலேயே பழைய போனை, மூலையில் விரிசல் விட்டதை, மேசைமேல் வைத்தார். இதில் ஓடினால்தான் ஒப்பந்தம் என்றார். மூன்றே நொடியில் திறந்தது. அவரும் வரவேற்பறைப் பெண்ணும் இருபது நிமிடம் துடுப்புப் போட்டார்கள். ஓரிடத்திலும் திக்கவில்லை. போன் சூடாகக்கூட இல்லை. எந்த என்ஜினில் செய்தீர்கள் என்று கேட்டார். சொந்த என்ஜின், விளையாட்டை ஓட்டும் நிரல் முழுவதும் நானே எழுதியது என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அன்று, வெளியே கிடைக்கும் தயார் என்ஜினை எடுத்தால் படம், ஒலி, அசைவு எல்லாம் கைக்கு வந்துவிடும் என்று நீ மன்றாடினாய். அதில் வெற்றுத் திரையைத் திறந்தாலே பழைய போனுக்கு மூச்சு முட்டும் என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். நேற்று நான் ஜெயித்தேன்.

ஆனால் போனதையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்தைத் திரையில் ஒழுங்காக நிறுத்தவே நான்கு மாதம். கொம்பு சரியாக நின்றால் கால் காணாமல் போகும். "கை கொடு" என்ற பொத்தான் "கை கெடு" என்று வந்தது. மகள் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஏம்மா, உன் படகுல ஒருத்தருக்கொருத்தர் உதவவே மாட்டாங்களா?" என்று கேட்டாள். வீடு கட்டப் போனவள் செங்கல் சூளையிலேயே குடியேறிவிட்டாள் என்று அவள் அப்பா எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். திரையில் தண்ணீர்மேல் படகின் நிழல் இன்னும் விழவில்லை. என் என்ஜினில் இனியும் விழாது.

போன மாதம் எனக்கு ஐந்து நாள் காய்ச்சல். ஒரு சின்னப் பிழையைக்கூட வேறு யாராலும் திருத்த முடியவில்லை. அலுவலகத்தில் இரண்டு பேர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். இதை உன்னைத் தவிர யாராலும் தொட முடியாமல் போகும் என்று, வேலையை விட்டு மாடிப்படி இறங்கும்போது நீ சொன்னாய். தொடத் தெரியாதவர்கள் தொட வேண்டாம் என்றேன் நான். உன்னைப் பார்த்து. பதினாறு வருடம் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவளைப் பார்த்து.

நீ சொன்னது சரி. இதை ஒப்புக்கொள்ள முதலில் நான் ஜெயிக்க வேண்டியிருந்தது. என் புத்தி அப்படி.

இன்று காலையிலிருந்து என்ஜினின் ஒவ்வொரு பகுதிக்கும் விளக்கம் எழுதுகிறேன். யாருக்காக என்று இவர் கேட்டார். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு என்றேன். எழுதியதை வாசித்துப் பார்த்தேன். எல்லாப் பக்கமும் "இங்கே நீ சண்டைக்கு வருவாய், ஆனாலும்" என்றுதான் தொடங்குகிறது.

நீ நன்றாக இரு. ஒரு வாரம் விடுப்புப் போட்டு வா. வந்து திட்டிவிட்டாவது போ.

இப்படிக்கு,
உன் பிடிவாதக்காரி