காய்ந்த வாய்

பிப்ரவரி 10, திங்கள்
‘கிருமிகளில் 99 சதவீதத்தைக் கொல்லும்’ என்று பற்பசை அட்டையில் போட்டிருக்கிறது. எத்தனை மணி நேரத்துக்கு என்று போடவில்லை. அறிவியல் கண்காட்சிக்கு இதையே செய் என்றார் ஜெயசீலன் சார். கிருமி வளர்க்கக் கடல்பாசி, சர்க்கரை, கோழிச்சாறு காய்ச்சிக் கண்ணாடித் தட்டுகளில் ஊற்றி மூடினோம். சோதனைக்கு இரண்டு வாய்: என்னுடையது, அம்மாவுடையது. அம்மாவுக்கு ஈறில் ரத்தம் வருகிறது. அதற்காகத்தான் இந்த விலை கூடிய பற்பசையே வாங்கினோம்.

பிப்ரவரி 14, வெள்ளி
துலக்கியதும் எச்சில் எடுத்துத் தடவிய தட்டுகளில் இருவருக்கும் சில வெள்ளைப் புள்ளிகள்தான்; ஒவ்வொரு புள்ளியும் ஒரு கிருமிக் கூட்டம். பற்பசை வேலை செய்கிறது. மாலையில் எடுத்ததில் எனக்குப் புள்ளிகள் திரும்பியிருந்தன. அம்மாவின் தட்டில் எண்ணவே முடியவில்லை. ஒரே பற்பசை. பிறகு ஏன்?
“ஒரு ஆள வெச்சு முடிவு பண்ணாத. இன்னொருத்தர்கிட்ட எடு” என்றார் சார்.

பிப்ரவரி 18, செவ்வாய்
அம்மாவோடு உப்பளத்தில் வேலை செய்யும் சகாயமேரி அக்காவும் அதே பற்பசையில்தான் துலக்கினார். மாலைத் தட்டு அப்படியே அம்மாவுடையது போல.
நூலகப் புத்தகம் சொல்கிறது: வாயில் பாக்டீரியா எப்போதும் இருக்கும், எல்லாமே கெட்டதில்லை. அவற்றைக் கட்டுக்குள் வைப்பது எச்சில். வாய் காய்ந்தால் கெட்டவை பெருகும்.
வேலையில் எவ்வளவு தண்ணீர் குடிப்பாய் என்று அம்மாவைக் கேட்டேன்.
“குடிக்கிறதில்ல.”
“அந்த வெயில்லயா?”
“குடிச்சா எங்கடி ஒதுங்குறது? ஒரு செடி கூட இல்ல, எல்லாம் வெட்டவெளி. சுத்தி ஆம்பளைங்க.”
சகாயமேரி அக்கா சிரித்தார். “உங்கம்மா ஒட்டகம்டி. நான் ஒட்டகக் குட்டி.”
எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷமாகவா? யாருக்கும் தெரியாதா? தெரியும். எல்லாருக்கும் தெரியும் —

பிப்ரவரி 27, வியாழன்
கண்காட்சி சார்ட்டில் கடைசி வரியை எடுக்கச் சொல்கிறார் சார். “நாளைக்கு வர்ற சீஃப் கெஸ்ட்டே உப்பள முதலாளிதாம்மா. பற்பசையோட நிறுத்திக்கோ.”
கடைசி வரி: ‘உப்பளத்தில் கழிப்பறை இல்லை. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை.’
அதுதானே முடிவு? அதை எடுத்தால் மற்றதெல்லாம் எதற்கு?

பிப்ரவரி 28, வெள்ளி
எடுக்கவில்லை. முதலாளி நின்று முழுதும் வாசித்தார். “யார் வீட்டுப் பொண்ணு?” என்றார். சொன்னேன்.
அம்மா அறையாத குறைதான். “என் பேரையாடி சொன்ன? நாளைக்கு வேலைக்கு வராதன்னுட்டா?”
இரவு அவள் சாப்பிடவில்லை.

மார்ச் 4, செவ்வாய்
முதலாளி அம்மாவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. பரிசு கொடுத்திருக்கிறார். உப்பளத்துப் பெண்களுக்கு ஆளுக்கொரு பற்பசை. கிருமியைக் கொல்லும் பற்பசை. வரிசையாக நிற்கவைத்து மேஸ்திரி போட்டோ வேறு எடுத்தாராம்.
எழுத எழுதத் தாள் கிழிகிறது. படிச்சாரா, இல்ல படிக்கிற மாதிரி நின்னாரா? இனிமே எவனுக்கும் சார்ட் எழுத மாட்டேன்.

மார்ச் 6, வியாழன்
காலையில் அம்மா அந்தப் பற்பசையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள்.
மாலையில் சகாயமேரி அக்காதான் சொன்னார். எல்லாரும் பற்பசையை மேஸ்திரியின் மேசையில் வைத்துவிட்டு, உப்புப் பாத்தியில் இறங்காமல் வரப்பிலேயே நின்றார்களாம். “இன்னாம்மா வேணும் உங்களுக்கு?” என்று அவர் கத்த, பேசியது அம்மாவாம்.
“பல்லு வெளக்க எங்களுக்குத் தெரியும்யா. ஒதுங்க ஒரு எடம் கட்டிக் குடுக்கச் சொல்லு.”
எங்கள் அம்மாவா? நம்பமுடியாமல் அவளைப் பார்த்தேன். கால் கழுவிக்கொண்டே சொன்னாள்: “நாளைக்கும் வரப்புலதான் நிக்கிறோம். நீயே சோறு வடிச்சிட்டுப் பள்ளிக்கூடம் போ.”