விதைகளுக்குக் காட்டிய புகை

மேற்கு அவுஸ்திரேலியா,
14.8.1994

என்றும் என் மதிப்புக்குரிய அப்பாவுக்கு,

முழங்கால் நோ குறைந்ததா? நான் நல்ல சுகம். புருவம்தான் கொஞ்சம் பொசுங்கிவிட்டது.

சுரங்கம் தோண்டி மூடிய நிலத்தில் நாங்கள் போட்ட காட்டு விதைகள் இரண்டு வருடமாக முளைக்கவில்லை. இங்கே கோடையில் காடு எரியும். அந்தப் புகை பட்டால்தான் சில விதைகள் மாரி மழைக்கு எழும்பும். அதனால் பீப்பாயில் இலைகளைக் கொளுத்தி, விதைகளுக்குப் புகை காட்டி விதைத்தேன். இன்று நிலம் முழுக்கப் பச்சை! “முளைச்சிட்டுதப்பா!” என்று கத்தினேன், சுற்றி நின்ற எவருக்கும் விளங்கவில்லை.

அம்மாவிடம் சொல்லி மிளகாய்த்தூள் அனுப்புங்கள். எண்பத்துமூன்று கலவரத்தில் நம் கண்டிக் கடையை எரித்த பிறகு, குண்டசாலை வீட்டில் விறகு மூட்ட நீங்கள் விட்டதேயில்லை. இந்த முறை விறகடுப்பில் வறுக்கட்டும். புகை எழும்பட்டும், அப்பா.

தபால் வண்டி வந்துவிட்டது.

மகள்,
சுகிர்தா