ஒற்றைக் கைப் பலகை

மார்ச் 3

டீச்சரம்மாவுக்கு,

நலம் என்று எழுதினால் பொய். நலமில்லை என்று எழுதினால் உன் தங்கையிடம் படித்துக்காட்டிச் சிரிப்பாய். அதனால் அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன், எழுதினால் பதில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாய். போனில் நான் உன்னை முழுதாகப் பேச விடுவதில்லையாம். சரி, எழுதுகிறேன்.

நாலு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று தங்கை வீட்டுக்குப் போனவள் நீ. மழை முடிந்து வெயிலே வந்துவிட்டது. உன் இடது கையை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. பக்கவாதம் வந்த கையைச் சும்மா போட்டுவைத்தால் அதுவரை செய்த பயிற்சியெல்லாம் தண்ணீரில் போட்ட மாதிரி. அங்கே யார் உனக்குக் கை தூக்கிவிடுகிறார்கள்? உன் தங்கையா? அவளுக்குக் குக்கர் மூடியையே ஒழுங்காகப் பூட்டத் தெரியாது.

உன் கையைத் தூக்கிவிட நான் கயிறும் கப்பியும் வைத்துச் செய்த தூக்கி நம் முன்னறையில் அப்படியே நிற்கிறது. கப்பியை மாற்றிவிட்டேன். கிரீச் சத்தம் பிடிக்கவில்லை என்றாயே, இப்போது கயிறு ஓடுவதே தெரியாது. மணிக்கட்டுப் பட்டைக்குள் பழைய போர்வையை மடித்துத் தைத்தேன். நானேதான் தைத்தேன், விரலில் இரண்டு இடத்தில் ஓட்டை.

நான் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தவன் இல்லை, உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வார்டில் தள்ளுவண்டி தள்ளப் போனவன். பக்கத்தில் நின்று பார்த்துக் கற்று, பிறகு பரீட்சை எழுதி பிசியோதெரபிஸ்ட் ஆனேன். வெல்டிங்கும் அப்படித்தான். சைக்கிள் பெடலை வைத்து முழங்கால் மடக்குகிற ஸ்டூல் செய்தேன், விரலுக்கு ஸ்பிரிங் கட்டை செய்தேன். இரண்டும் அந்த ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் ஓடுகின்றன. யார் செய்தது என்று கேட்டால் அங்கே ஒருவருக்கும் தெரியாது. தூக்கியாவது என் பெயரில் நிற்க வேண்டும்.

இந்த மாதத்துக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அதைப் பார்க்க வருகிறார்கள். பிடித்துப்போனால் அவர்கள் பயிற்சி அறைக்கு நான்கைந்து செய்து தரச் சொல்வார்கள். வாதம் வந்த ஒருவர் மாட்டிக் காட்ட வேண்டும். நீ வந்துவிடு. இதற்காகத்தான் கூப்பிடுகிறேன் என்று நினைக்காதே. இதற்காகவும்தான்.

எக்சர்சைஸ்காரன்

மார்ச் 11

அன்புள்ள உங்களுக்கு,

சாப்பிடுகிறீர்களா? அது கடிதத்தில் இல்லை. கப்பியைப் பற்றி இருந்தது.

என் கை அப்படியேதான் இருக்கிறது. தங்கை அதைத் தூக்குவதில்லை. உட்கார்ந்தால் அடியில் ஒரு தலையணை வைக்கிறாள், அவ்வளவுதான். தோள் வலி குறைந்திருக்கிறது. இப்போதெல்லாம் தூங்குகிறேன்.

நீங்கள் எதைச் செய்தாலும் முதலில் உங்கள் உடம்பில் மாட்டி ஒரு நாள் முழுக்க இருந்து பார்ப்பீர்கள். அப்படிப் பார்க்காத எதையும் நோயாளிக்குப் போட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் இதைச் சொல்லிச் சொல்லியே பெருமைப்பட்டிருக்கிறேன். தூக்கியையும் போட்டுப் பார்த்தீர்கள். இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டே காபி குடித்தீர்கள், பேப்பர் படித்தீர்கள், துளிகூட வலிக்கவில்லை என்றீர்கள்.

வலிக்காதுதான். உங்கள் கைக்கு உயிர் இருக்கிறது. கயிறு தப்பாக இழுத்தால் அதுவே கொஞ்சம் நகர்ந்துகொள்ளும், தோளை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். உங்களுக்குத் தெரியாமலே செய்யும். என் கை நீங்கள் மாட்டிய இடத்திலேயே தொங்கும், கொடியில் போட்ட ஈரத்துணி மாதிரி.

"வலிக்குதுங்க" என்று சொன்னேன். "வலிச்சா உயிர் வருதுன்னு அர்த்தம், இன்னும் ரெண்டு இழுப்பு" என்றீர்கள். அதற்கப்புறம் நான் சொல்வதை விட்டுவிட்டேன். ஒரு நாள் என் கண்ணில் தண்ணீர் வந்ததும், நரம்பு முழித்துக்கொண்டது என்று பயிற்சிக்கு வந்திருந்த தையல்காரரிடம் சந்தோஷமாகச் சொன்னீர்கள். அன்றைக்குத்தான் தங்கையை வந்து கூட்டிப் போகச் சொன்னேன்.

வருகிறவர்களுக்கு வேறு யாரையாவது காட்டுங்கள். பிரஷர் மாத்திரை அலமாரியில் இரண்டாம் தட்டில் இருக்கிறது.

உங்கள் டீச்சர்

மார்ச் 29

டீச்சரம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். ஒப்புக்கொள்கிற மாதிரி அதில் ஒன்றும் இல்லை. இத்தனை வருஷம் தோளைப் பிடித்துப் பிழைத்தவனுக்குத் தோள் எப்படி நிற்கிறது என்று பாடம் எடுக்கிறாய். நான் உன் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்தார்கள். நீ வராததால் தையல்காரரை மாட்டினேன். அவருக்கும் வாதம் வந்தது இடது கைதானே. நல்ல சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். கயிற்றை ஒரு தடவைதான் இழுத்தேன். அவர்கள் முன்னாலேயே, "ஐயா, இவங்க போனதும் கழட்டிடுவீங்கல்ல?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், அதுதான் மோசம். வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீயைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். அந்த யோசனை எனக்குப் பழக்கம்.

நீ மாட்டியிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பாய். இதை எழுதியபிறகு எனக்கே நன்றாக இல்லை, ஆனால் அந்த வரியை அடிக்க மாட்டேன். எழுதியது எழுதியதுதான்.

இன்னொன்று. உன் எழுத்துக்கு என்ன கேடு? பிள்ளைகள் கோணலாக எழுதினால் சிவப்பு மையில் சுழித்தவள் நீ. கல்யாணமான புதிதில் என் எழுத்தைப் பார்த்து, கோழி நடந்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தவள். இப்போது உன் வரி ஒவ்வொன்றும் பாதியில் சரிந்து கீழே போகிறது. இவருக்கு இது போதும் என்கிற அலட்சியம்.

வீட்டில் ஒரு டம்ளர் வைத்தால் வைத்த இடத்திலேயே இருக்கிறது. வா.

எக்சர்சைஸ்காரன்

ஏப்ரல் 5

அன்புள்ள உங்களுக்கு,

நீங்கள் எழுதும்போது காகிதத்தை அமுக்கிப் பிடித்துக்கொள்வது எந்தக் கை என்று பாருங்கள்.

வேறொன்றும் இல்லை.

டீச்சர்

ஏப்ரல் 24

டீச்சரம்மாவுக்கு,

இதோடு ஒரு பார்சல் வரும். அதைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன்.

நீ சொன்னதற்காக இல்லை, எனக்கே ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருந்தது. மத்தியானம் இடது கை மேலேயே ஒருக்களித்துப் படுத்தேன். கை நன்றாக மரத்துப்போனபிறகு எழுந்து, தோளைத் தளர்த்தித் தொங்கவிட்டு, தூக்கியை மாட்டி, மற்றக் கையால் கயிற்றை இழுத்தேன். மரத்துப்போன கையும் வாதம் வந்த கையும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். இது சரியான பரீட்சை ஆகாது. இருந்தாலும் பார்த்தேன்.

உணர்ச்சி திரும்பியபோது உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. கயிறு வருகிற கோணம் சரியில்லை என்று நினைக்கிறேன். மறுநாள் சட்டை மாட்ட முடியவில்லை. தையல்காரர் வந்து தன் ஒரு கையால் எனக்குப் பொத்தான் போட்டுவிட்டார். "உங்க வீட்ல எப்ப வர்றாங்க?" என்று மட்டும் கேட்டார். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அன்றைக்கே உனக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இடது கையை மேஜை மேல் வைக்க முடியவில்லை. காகிதம் பேனாவோடு சேர்ந்து ஓடுகிறது. நாலு வரி எழுதுவதற்குள் மேஜையை விட்டே போய்விட்டது. குனிந்து எடுத்து எடுத்து அலுத்துப்போனேன். என் வரிகளும் சரிந்துதான் இருந்தன. அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

பார்சலில் ஒரு பலகை இருக்கிறது. அடியில் ரப்பர் ஒட்டியிருக்கிறேன், மேஜையில் நகராது. மேல் சட்டத்துக்குக் கீழே காகிதத்தை ஒரே கையால் செருகினால் போதும், உள்ளே இருக்கிற ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும். இழுத்தால் வந்துவிடும். கையைக் கட்டுவதற்குப் பட்டை கிட்டை ஒன்றும் இல்லை.

இடது கையைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஒரு நாள் முழுக்க அதில் எழுதிப் பார்த்தேன். எழுத வேறொன்றும் தோன்றவில்லை, உன் பெயரைத்தான் எழுதினேன். காகிதம் அசையவில்லை.

எப்போது வருகிறாய் என்று எழுது. பஸ் நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

எக்சர்சைஸ்காரன்

மே 6

அன்புள்ள உங்களுக்கு,

பலகை வந்தது. தங்கை வீட்டுக்காரர் பார்சலைக் குலுக்கிப் பார்த்து, "அண்ணன் இந்தத் தடவை என்ன மிஷின் அனுப்பியிருக்காரு, முதுகு சொறியறதுக்கா?" என்றார். பிரித்து, நான் ஒரு காகிதத்தைச் செருகி இரண்டு வரி எழுதியதும் பார்சல் காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். தங்கை மட்டும் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். "அக்கா, டீ ஆறுது" என்று அவள் சொன்ன பிறகுதான் தலை நிமிர்ந்தேன்.

உங்கள் தோள் எப்படி இருக்கிறது? வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். மற்றவர்களுக்குச் சொல்வீர்கள், உங்களுக்குச் செய்துகொள்ள மாட்டீர்கள்.

எனக்கென்று நீங்கள் எத்தனையோ செய்தீர்கள். என் வலது கைக்கென்று செய்தது இதுதான் முதல். அதனால் இதில் எழுத வேண்டியதை இதிலேயே எழுதிவிடுகிறேன்.

நான் திரும்பி வரப் போவதில்லை. கோபத்தில் எழுதவில்லை. கோபம் தீர்ந்து வெகுநாளாயிற்று, அலுப்புதான் மிச்சம். அந்த வீட்டில் நான் எந்த அறைக்குள் வந்தாலும் உங்கள் கண் முதலில் என் தோளுக்குத்தான் போகும், முகத்துக்கு அப்புறம். படுத்திருக்கும்போது என் விரலை மெதுவாக நீவிப் பார்ப்பீர்கள், அசைகிறதா என்று. நான் தூங்குகிற மாதிரி இருப்பேன். இந்தக் கை வராது என்று நான் விட்டுவிட்டேன். உங்களால் விட முடியாது. விடுங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் இல்லை. ஆனால் உங்கள் பக்கத்தில் இருந்தால் நான் தினமும் தோற்றுப்போனவளாக எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. இங்கே எழுந்தால் வெறுமனே எழுந்திருக்கிறேன்.

எழுதுங்கள். நானும் எழுதுவேன். இனி எழுதுவதில் சிரமமில்லை.

உங்கள் டீச்சர்

மே 15

டீச்சரம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஒரு வரிகூடச் சரியவில்லை. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். வர மாட்டேன் என்று எழுதிய வரிதான் இருப்பதிலேயே நேராக இருக்கிறது.

பலகை வேலை செய்கிறது.

தூக்கியை நான் கழற்றவில்லை, கழற்றவும் மாட்டேன். கோணத்தை மாற்றினால் சரியாகலாம். நீ இல்லாமல் இங்கே ஒன்றும் நின்றுபோய்விடவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் யோசித்து முடிக்கவில்லை, முடிக்கவும் போவதில்லை. பலகையைப் பற்றிச் சொன்னபோது தையல்காரர் தனக்கும் ஒன்று கேட்டார், துணி நகராமல் பிடித்துக்கொள்ள. மரம் அறுத்து வைத்திருக்கிறேன். ஒத்தடம் கொடுக்கிறேன். சாப்பிடுகிறேன்.

வெயில் ஏற ஏற மரம் காய்ந்து பலகையின் இடது மூலைத் திருகு தளரும். தளர்ந்தால் காகிதம் மறுபடி வழுக்கும். உன் ஒரு கையால் முடுக்க வராது, சகலையிடம் கொடு. கால் சுற்றுதான் முடுக்கச் சொல். அதற்கு மேல் வேண்டாம், மரம் பிளந்துவிடும்.

எக்சர்சைஸ்காரன்