அட்டை வந்துவிட்டது, அப்பா

அன்புள்ள அப்பா,

முழங்கால் வலி தேவலையா? ஓஹாகாவில் மழை உண்டா? இங்கே அமெரிக்காவில், ஃப்ரெஸ்னோவில் நானும் சித்தப்பாவும் சுகம்.

அப்பா, வேலை அனுமதி அட்டை வந்துவிட்டது! உறையைக் கண்டதும் சித்தப்பா, "நீயே பிரிம்மா" என்று கத்திரிக்கோலை நீட்டினார். அட்டை இல்லாவிட்டால் மருத்துவமனைப் பயிற்சி இல்லை, பயிற்சி இல்லாவிட்டால் நர்ஸிங் பட்டமும் இல்லை என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். நீங்கள் கலங்குவீர்களே என்று நான் எழுதவில்லை.

நாற்பது பேர் வகுப்பில் நம் மெக்சிகோக்காரர்கள் இரண்டே பேர்தான் இருந்தோம். அட்டை இல்லாத இதே காரணத்தால் இன்னொருத்தி ஒஃபேலியா போன வருடம் படிப்பை நிறுத்திவிட்டாள். நேற்று அவளுக்கு ஃபோன் போட்டு, "சின்ன வயசுல பேப்பர் இல்லாம அமெரிக்கா வந்தவங்களுக்கு இப்போ அட்டை தர்றாங்கடி, உடனே எழுதிப் போடு!" என்று கத்தினேன். "காது போச்சுடி, நெரேய்தா!" என்று அழுதுகொண்டே சிரித்தாள். மறுபடி சேர்வது பற்றிக் கேட்கத் திங்கட்கிழமை கல்லூரிக்கு வருகிறாளாம்.

இந்த அட்டையோடு நான் அங்கே வந்தால் திரும்பி நுழைய முடியாதாம். இங்கிருந்து பிடித்துத் திருப்பி அனுப்பிய உங்களையும் மறுபடி உள்ளே விடமாட்டார்கள். பட்டமளிப்பு நாளில் வீட்டார் ஒருவர் நர்ஸ் பேட்ஜைக் குத்திவிடுவது வழக்கம். உங்கள் நீலச் சட்டையை அனுப்புங்கள். சித்தப்பா அதைப் போட்டுக்கொண்டு குத்தட்டும்.

பஸ் வந்துவிட்டது. சட்டையைத் துவைக்காமல் அனுப்புங்கள், அப்பா.

உங்கள்
நெரேய்தா